பிரெஞ்சுச் சட்டத்தை நம்பி வந்தவள்

என் தங்கை லண்டனிலிருந்து ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, போய் இறங்க அவளுக்கு இரண்டு ஊர்கள் இருந்தன. ரொறன்ரோவில் எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் இருந்தார்கள். பெரிய வீடுகள், தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், எல்லாம் தமிழ். மொன்றியலில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், என்னவர், பள்ளிக்கூடம் போகிற மகள். வில்லரே என்கிற பகுதியில் வெளிப்படி ஏறிப் போகிற ஒரு மாடி வீடு. பனிக்காலத்தில் அந்தப் படியில் உப்புப் போடாமல் யாரும் இறங்க முடியாது. தங்கை மொன்றியலைத்தான் தெரிந்தெடுத்தாள். அக்கா இருக்கிறாள் என்பதற்காக மட்டும் இல்லை. இங்கே பிரெஞ்சுச் சட்டம் என்பதற்காகவும்தான்.

இதை அவளுக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணை. மரக்கறியும் வீடியோ கசெற்றும் விற்றவர். ஊரில் வழக்கறிஞரை அப்புக்காத்து என்பார்கள். இவருக்கும் அந்தப் பெயர்தான், பட்டம் பெறாமலே. சுவிஸில் அகதி வழக்குத் தோற்று, ஜெர்மனியில் தோற்று, பிரான்சிலும் தோற்று, கடைசியாக மொன்றியலில் வென்றவர். அத்தனை நாட்டு நீதிமன்றம் ஏறின ஒருவர் சட்டம் சொன்னால் நாங்கள் நம்பாமல் என்ன செய்வோம்?

ஒருநாள் நான் கடையில் நிற்கும்போது தங்கை என் கைப்பேசிக்கு எடுத்து அழுதாள். அண்ணை கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தார். போனை வாங்கினார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும். ஒவ்வொரு நாட்டுக் கோட்டும் என்னைப் புதுசாத்தான் பாத்தது. ஒருத்தன் எழுதினதை மற்றவன் திறந்தும் பாக்கேல்லை. அதிலையும் இஞ்சை குவிபெக் மாகாணம் எண்டால் பிரெஞ்சுச் சட்டம். ரொறன்ரோவுக்குப் போனீரெண்டால் அங்கை இங்கிலீஷ் சட்டம், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்குக் கை குடுப்பான். இஞ்சத்தையான் இங்கிலீஷ்காரன்ரை கடுதாசியைத் தொட்டும் பாக்கமாட்டான்."

"உண்மையே அண்ணை?" என்ற தங்கையின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"அவனுக்கு வாசிக்கவே மனமிருக்காது பிள்ளை."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மொன்றியலில் இருக்கிறவர்களுக்கு அது நம்பக்கூடிய கதைதான். கடைப் பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் எழுத்துப் பெரிதாக இருந்தாலே இங்கே சண்டை.

அவளுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். அவளுடைய மனுசன் கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், வேலையால் நேரே வீட்டுக்கு வருவார். ஆனால் கதைக்கமாட்டார். ஒரு சின்னச் சண்டைக்குப் பிறகு வாயை மூடினவர், ஒரு வருசத்துக்கு மேல் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். கோப்பையைக் கழுவியும் வைப்பார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டு, "அம்மாட்டைச் சொல்லு, நாளைக்கு அப்பா பிந்தித்தான் வருவர் எண்டு" என்பார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

இதைத் தாங்கமாட்டாமல் அவள் பிரிந்து போகவேண்டும் என்று கேட்டாள். மகளோடு எங்கேயாவது போய்விடுவாளோ என்று பயந்து அவர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: தன் அனுமதி இல்லாமல் அம்மாவோ அப்பாவோ பிள்ளையை இங்கிலாந்தை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது, பிள்ளையின் கடவுச்சீட்டை ஒப்படைக்கவேண்டும். ஒப்படைக்கச் சொன்ன நாளுக்கு முதலே அவள் விமானம் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டுச் சினேகிதி காரில் கொண்டுபோய் விட்டாள்.

"அது அங்கத்தைக் கோட் அக்கா," என்றாள் எங்கள் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது. "கடல் தாண்டியாச்சு."

நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வாழ்ந்தோம்? ஒரு நாடு துரத்தினால் அடுத்த நாட்டில் பெயரைச் சொல்லிப் புதிதாகத் தொடங்கினோம். எல்லை தாண்டினால் பழைய வழக்குச் செத்துவிடும் என்பது எங்களுக்கு யாரும் படிப்பிக்காமலே தெரிந்த விசயம்.

பிள்ளை வந்த முதல் நாள் இரவுச் சாப்பாடு. நான் என்னவருக்குப் புட்டு வைத்துவிட்டு, குழம்பு காணுமா என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளை எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றது.

"பெரியம்மா, பெரியப்பாட்டை என்ன சொல்லவேணும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஏன் செல்லம், பெரியப்பா உதிலைதானே இருக்கிறார். நானே கேக்கிறன்."

பிள்ளை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. நான் கேட்டேன். அவர், "இன்னும் ரெண்டு அகப்பை விடும், கஞ்சத்தனம் பாக்காமல்," என்றார். பிள்ளை ஏதோ புதினம் கண்டதுபோலச் சிரித்தது. தங்கை குசினிக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தப் பனிக்காலம் எங்கள் வீட்டில் நல்ல காலம் என்றுதான் சொல்வேன். நான் தையல் ஃபக்ரறியால் வந்தால் தங்கை சமைத்து வைத்திருப்பாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்து வந்து டெப்பனேர்க்காரனுக்கு, பாலும் சிகரெற்றும் விற்கிற சின்னக் கடைக்காரச் சீனனுக்கு, நீட்டி ஒரு "பொன்ஜூர்" சொல்லும். அவன் வேண்டாம் என்றாலும் மிட்டாய் ஒன்று கையில் வைப்பான். வீடு முழுக்கக் கதை. நான் பிறவியிலேயே வாய்க்காரி. என்னவர் ரெஸ்ரோரன்ற் குசினியில் நாள் முழுக்கக் கத்திப் பழகினவர். தங்கை எங்கள் நடுவில் இருந்து சும்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். "நீங்கள் ரெண்டுபேரும் சண்டை பிடிக்கிறது றேடியோ கேக்கிற மாதிரி இருக்கு அக்கா," என்பாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை.

பிறகு லண்டனிலிருந்து அந்தச் சினேகிதி போன் எடுத்தாள். அழுகையில் சொல் தடுமாறியது.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. என்னைக் கோட்டுக்குக் கூப்பிட்டவை. பிள்ளை எங்கையெண்டு உனக்குத் தெரிஞ்சால் சொல்லத்தான் வேணுமாம். தெரிஞ்சுகொண்டு சொல்லாட்டில் பிடிச்சு மறியலிலை அடைக்கலாமாம். எனக்கும் பிள்ளையள் இருக்கு அக்கா. உங்கடை விலாசத்தைச் சொல்லிப்போட்டன்."

தங்கை போனை வாங்கி, "நீ என்ன செய்வாய், அழாதை," என்று அவளைத் தேற்றினாள். தன் தலையில் விழுந்ததைவிட அவளுடைய அழுகைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இங்கிலாந்து நீதிமன்றத்தின் கை நீளம் என்றால் நான் பொலிஸ், விலங்கு என்றெல்லாம் நினைத்திருந்தேன். அது ஒரு சினேகிதியின் வாய்வழியாக நீண்டு எங்கள் வீட்டுப் படிக்கு வந்தது.

கொஞ்ச நாளில் ஒரு மனிதர் வெளிப்படியில் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். குளிருக்குக் காது சிவந்திருந்தது. நீதிமன்றக் கடிதங்களைக் கையில் கொடுப்பது அவருடைய வேலை. மரியாதையாக ஒரு கட்டுக் கடுதாசியைத் தந்தார். தங்கை வாங்கிப் பார்த்துவிட்டு என் மகளிடம் நீட்டினாள். தங்கைக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

முழுவதும் பிரெஞ்சு.

என் மகள் வாசலிலேயே நின்று வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். லண்டனில் பிள்ளையின் அப்பா நீதிமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் சொல்லியிருக்கிறார். அந்த அரசாங்கம் இந்த அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறது. பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி இங்கேயே, மொன்றியல் நீதிமன்றத்திலேயே, வழக்கு. மகளுடைய தமிழ் கொஞ்சம் மழலை. அந்த மழலையில் அதைக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புக்காத்து அண்ணை அந்தக் கட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கடைசியில், "பிரெஞ்சிலை எழுதிப்போட்டாங்களே," என்றார்.

சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் ஓர் இளம் பெண். இந்த ஊர்ப் பிள்ளை. எங்களுக்காக இங்கிலீஷில் மெதுவாகக் கதைத்தாள். நல்ல அம்மா யார், நல்ல அப்பா யார் என்று இந்த நீதிபதி பார்க்கமாட்டார் என்றாள். பிள்ளையின் வாழ்க்கை எந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தது, அங்கிருந்து அனுமதியில்லாமல் கூட்டிவந்தார்களா, இவ்வளவுதான் கேள்வி. யாரோடு வளரவேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் தீர்க்கும். நாடுகள் தங்களுக்குள் அப்படி ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இங்கிலீஷ் சட்டம், பிரெஞ்சுச் சட்டம் என்ற வித்தியாசம் அதில் இல்லை. திரும்பிப் போனால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்றால் மட்டும் வேறு கதை.

தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் எங்களுக்குத் தெரிந்த நீதிமன்றம் ஒன்றுதான், அகதி வழக்கு. அங்கே உன் துன்பத்தைச் சொல்லவேண்டும். ஒன்றும் விடாமல், வரிசையாக, அழுகை வரவேண்டிய இடத்தில் அழுது. அப்படிச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் உயிர் தப்பினோம். ஆகவே பின்னேரங்களில் எங்கள் குசினி மேசை நீதிமன்றமானது. அப்புக்காத்து அண்ணை நீதிபதி. என்னவர் எதிர்த்தரப்பு, கையில் அகப்பையோடு.

"எப்ப துவங்கினது கதையாமல் விட்டது?"

"பிள்ளைக்கு ஆறு வயசுப் பிறந்தநாள் முடிஞ்ச கையோடை."

"சத்தமாச் சொல்லும் பிள்ளை. அழவேணும், ஆனால் கனக்க அழக்கூடாது. கனக்க அழுதால் நடிப்பெண்டுவான்."

தங்கை சொல்லச் சொல்ல எனக்கே தெரியாத விசயங்கள் வந்தன. தான் தனக்குத்தானே கதைக்கத் தொடங்கியது. காய்ச்சலில் கிடந்தபோது அவர் மகளிடம் மாத்திரை கொடுத்து அனுப்பியது. அந்த ஒத்திகைகளில்தான் அவள் அந்த ஒரு வருசத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆபத்தெண்டால்தான் கேப்பாங்களாம். அப்ப அடிச்சவர் எண்டு ஒரு சொல்லுப் போடும்," என்றார்.

"அவர் அடிக்கேல்லை அண்ணை."

"எனக்குத் தெரியும் பிள்ளை. கோட்டுக்குத் தெரியுமே?"

"பிள்ளைக்குத் தெரியும்," என்றாள் தங்கை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

வழக்கு நாளன்று சாம்ப்-து-மார்ஸ் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. நீதிபதி சிலவேளை பிள்ளையோடு கதைப்பார் என்று வழக்கறிஞர் அதையும் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். உள்ளே வழக்குக்காரருக்கு மட்டும்தான் இடம். நானும் பிள்ளையும் வெளியே நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை சப்பாத்து ஈரத்தால் தரையில் பூ ஒன்று கீறிக்கொண்டிருந்தது.

இடைவேளைக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தது தங்கையின் மனுசன். லண்டனிலிருந்து வந்திருக்கிறார் என்று பிள்ளைக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நன்றாக மெலிந்திருந்தார். குளிர்ச்சட்டை தோளில் தொங்கியது.

"அப்பா!"

பிள்ளை ஓடின ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். அவர் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். சத்தம் வராமல் அழுதார். எங்கள் வீட்டில் அந்தப் பனிக்காலம் முழுக்க இந்தப் பிள்ளை தகப்பனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் அம்மாவின் முகம் மாறும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வயதுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது!

தங்கை பின்னால் வந்து கதவோரம் நின்றாள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் நாலடி தூரம் இருக்காது. அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அம்மாட்டைச் சொல்லு, பயப்பிடவேண்டாமெண்டு."

பிள்ளை திரும்பி, "அம்மா, பயப்பிடவேண்டாமாம்," என்றது.

எனக்குத்தான் வாயைக் கட்ட முடியவில்லை. "அவ உதிலைதானே நிக்கிறா தம்பி. நீரே சொல்லுமன்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது. ஏதோ வரப்போகிறது என்று நான் நம்பினேன். வரவில்லை. அவருடைய வழக்கறிஞர் வந்து தோளில் தட்டிக் கூட்டிப்போனார்.

பின்னேரம் எல்லாம் முடிந்து தங்கை வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, என்னை ஒண்டும் கேக்கேல்லை."

"என்னடி?"

"எப்ப லண்டனுக்குப் போனனி, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், கோட்டின்ரை உத்தரவு தெரியுமோ, தெரிஞ்சுதான் வந்தனியோ. அவ்வளவுதான். நான் மற்றதைச் சொல்லத் துவங்கினன். அந்த நீதிபதி நல்லமாதிரித்தான் சொன்னவர், இதை நீங்கள் அங்கை சொல்லவேணும், அவைதான் கேக்கவேணும் எண்டு. குசினியிலை பாடமாக்கினது எல்லாம் என்ரை வயித்துக்கை அப்பிடியே கிடக்கு அக்கா."

பிள்ளையை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்று தீர்ப்பு. அதற்கு முன்னால் பிள்ளையின் அப்பா லண்டன் நீதிமன்றத்துக்குச் சில உறுதிமொழிகள் கொடுத்திருந்தார்: தங்கையைத் தண்டிக்கும்படி கேட்கமாட்டார், அங்கே வழக்கு முடியும்வரை வீட்டை அவளுக்கும் பிள்ளைக்கும் விட்டுவிட்டு வேறிடத்தில் இருப்பார், விமானச் செலவு அவருடையது. அந்த உறுதிமொழியை மீறினால் அவருக்குத்தான் மறியல் என்று வழக்கறிஞர் விளங்கப்படுத்தினாள். நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் யாரைத் திட்டுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கையும் பிள்ளையும் போகிற அன்று அப்புக்காத்து அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒரு பை நிறைய முறுக்கு. பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தங்கையின் முகத்தைப் பாராமல், "நான் தெரியாமல் சொல்லிப்போட்டன் தங்கச்சி," என்றார்.

"நீங்கள் சொல்லாட்டிலும் வந்திருப்பன் அண்ணை," என்றாள். "இந்தப் பனிக்காலம் எனக்குக் கிடைச்சுதே."

பிள்ளை வெளிப்படியில் இறங்கும்போது என்னவரைத் திரும்பிப் பார்த்து, "பெரியப்பா, பெரியம்மாட்டை நீங்களே சொல்லுங்கோ என்ன," என்றது. எதைச் சொல்லவென்று அது சொல்லவில்லை. அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

லண்டனில் வழக்கு அடுத்த குளிர்வரைக்கும் இழுத்தது. தங்கையின் மனுசன் உறுதிமொழியை மீறவில்லை. ஒருநாளும் வீட்டுப் படி மிதிக்கவில்லை. வழக்கு முடிந்த அன்று தங்கை போன் எடுத்தாள். குரல் ஆச்சரியமாக அமைதியாக இருந்தது.

"அக்கா, கேட்டவை. முழுக்கக் கேட்டவை. தமிழ் ஆள் ஒருத்தரை மொழிபெயர்க்க வைச்சு, நான் சொல்லி முடியுமட்டும் அந்த நீதிபதி அம்மா எழுதினவ. கதையாமல் விட்டது பெரிய கொடுமை எண்டு அவவே சொன்னவ. அவரும் கதைச்சவர். என்னைப் பற்றி அவ்வளவு நேரம் அவர் கதைச்சு நான் கேட்டதே இல்லை. தான் பிழை எண்டும் சொன்னவர்."

"அப்ப நல்லதுதானே பிள்ளை?"

அவள் தீர்ப்பைச் சொன்னாள். "பிள்ளை அவரோடை. சனி, ஞாயிறு என்னோடை. கோட்டின்ரை சொல்லை மீறிப் பிள்ளையைக் கொண்டு போனவ, இனியும் கொண்டு போவா எண்டு அவைக்குப் பயம். பிள்ளையின்ரை பாஸ்போட் வக்கீலின்ரை அலுமாரியிலை. நான் உங்களிட்டை வந்ததுதான் அக்கா காரணம். மற்றதெல்லாம் அவை நம்பினவை."

எந்த நீதிமன்றத்துக்குப் பயந்து ஓடி வந்தாளோ, அதுதான் அவளைக் கடைசிவரை கேட்ட நீதிமன்றம். கேட்டுவிட்டுத்தான் அப்படித் தீர்த்தது. இதை நான் ஃபக்ரறியில் கூட வேலை செய்கிற பெண்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருத்தி அந்த நீதிபதியைத் திட்டுவாள், ஒருத்தி தகப்பனை, ஒருத்தி தங்கையை. எனக்கு ஒருவர் பக்கமும் முழுதாக நிற்க வருவதில்லை.

அவர் இப்போது பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதும் கூட்டிப்போகும்போதும் வாசலில் நின்று அவளிடம் நேரே சொல்கிறாராம்: ஆறு மணிக்கு வருவன், மழை வருது, குடை இருக்கே. நீதிமன்றம் சொல்லித் தந்த பேச்சு. வீடு பிரிந்த பிறகு வந்த பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை போய்க் கதவு சாத்தினதும் தங்கை எனக்கு எடுப்பாள். அங்கே இருட்டியிருக்கும், இங்கே மத்தியானம். முதலில் நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை வளர்ந்ததும் தானே தேடி வரும் என்றேன். வழக்கறிஞர் சொன்னதைச் சொன்னேன். ஒருநாள் அவள் தடுத்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. போனை மட்டும் வைக்காதேங்கோ. நீங்கள் சமையுங்கோ."

அதிலிருந்து போனைச் சத்தமாக வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவிடுவேன். வெங்காயம் வெட்டுவேன். தாளிப்பேன். என்னவர் வந்து மூடியைத் திறந்து மணந்து பார்த்து, "இதென்ன, உப்பில்லாத கறியோ?" என்பார். "உங்கடை ரெஸ்ரோரன்றிலை போய்ச் சாப்பிடுங்கோவன்," என்பேன் நான். மகள் ரீவியைக் குறைக்கமாட்டாள். நாங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சண்டை பிடிப்போம்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சிலவேளை கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம். சோறு வடித்து முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள்.